சாப்பாட்டு டப்பாவில் பென்டிரைவ் வைத்தது தொடர்பாக

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் காவல் நிலைய எழுத்தரால் எழுதப்பட்டுள்ளன; சரியாகத்தான் இருக்கின்றன, பார்த்துவிட்டேன். வயது நாற்பத்து மூன்று. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரே மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணவரின் தங்கை, அதாவது என் நாத்தனார், எங்களோடுதான் இருக்கிறார். பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டில் நர்ஸ். டியூட்டி முடிந்ததும் தூங்கக்கூடப் போகாமல் என்னோடு வந்து இந்த அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உறவினர் குறுக்கே பேசக்கூடாது என்று எழுத்தர் அவரிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. இன்று காலை பத்தரை மணிக்கு யாரும் அழைக்காமல் நானாக வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். ஏன் என்பதை அது வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மருந்தை அளவு பிசகாமல் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் செலுத்தும் பம்பு ஒன்று உண்டு. அந்தப் பம்புக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். என் பொறுப்பு பில்டு. பில்டு என்றால் என்ன என்று எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன். ஒன்பது பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதும் புரோகிராமையெல்லாம் ஒன்றுசேர்த்து, பம்புக்குள் ஏற்றக்கூடிய ஒரே பொட்டலமாகக் கட்டுவதுதான் பில்டு. அதைக் கட்டுவது ஒரு தனிக் கம்ப்யூட்டர், சர்வர் என்போம். யார் ஒரு வரி மாற்றி உள்ளே அனுப்பினாலும் சர்வர் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் பொட்டலம் கட்டுவதற்கு முன், யூனிட் டெஸ்ட்டுகள் அத்தனையையும் ஒன்று விடாமல் ஓட்டிப் பார்க்கும். யூனிட் டெஸ்ட் என்பது, புரோகிராமின் ஒரு சின்னத் துண்டைத் தனியே நிறுத்திவைத்து, விடை நமக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்பது. சரியான விடை வந்தால் பச்சை, தப்பான விடை வந்தால் சிவப்பு. ஒன்றே ஒன்று சிவப்பானாலும் அன்றைக்குப் பொட்டலம் கிடையாது. நேற்றுக் காலை நிலவரப்படி இப்படி இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கேள்விகள் இருந்தன. எல்லாம் ஓடி முடிய பதினொரு நிமிடம் ஆகும்.

அலுவலகத்தின் நடுத்தூணில் ஒரு விளக்கு மாட்டியிருக்கிறோம். எல்லாம் சரியென்றால் பச்சையாக எரியும், இல்லையென்றால் சிவப்பு. சிவப்பாக்கியவர் மேசைக்கு ஒரு பழைய சைக்கிள் பெல் போய்ச் சேரும். மறுபடி பச்சை வந்ததும் அவரே எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி அதை அடிக்க வேண்டும். திட்டு கிடையாது, பெல் மட்டும்தான். பெல்லைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை என்பதால் என்னைச் செவப்பக்கா என்று கூப்பிடுகிறார்கள். நானும் பலமுறை அந்தப் பெல்லை அடித்தவள்தான்.

முன்பு இப்படி இல்லை. நான்கு வருடத்துக்கு முன்புவரை டெஸ்ட்டுகளைக் கையால்தான் ஓட்டுவோம், ஓட்ட வேண்டியவள் நான். பொட்டலத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் ஒரு டெலிவரி நாளில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. எல்லாம் பார்த்தாச்சா என்று கேட்டார்கள். பார்த்தாச்சு என்றேன். நான் பார்க்கவில்லை. அந்தப் பொட்டலம் ஏறிய பம்புகளில், மருந்து தீர்ந்தால் ஒலிக்க வேண்டிய மணி ஒலிக்கவில்லை. ஒரு நர்ஸ் அம்மா தன் கண்ணால் கவனித்துக் கண்டுபிடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபத்திரண்டு பம்புகளையும் திரும்ப எடுத்துவர நானேதான் போனேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. வியர்த்து நிற்கிறாயே என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். மறுநாளே முதலாளியிடம் போய்ச் சர்வரைக் கேட்டு வாங்கி, டெஸ்ட்டுகள் தானாக ஓடும்படி செய்தேன். யாரையும் நம்ப வேண்டாம், முதலில் என்னை நம்ப வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். வழக்குக்கு இது தேவையில்லையே என்று எழுத்தர் கேட்டார். தேவை என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு சில மாதம் கழித்து, வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, என் நாத்தனார் அவருடைய வார்டில் இருந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, எடையை மட்டும் சொன்னார். அறுநூற்று நாற்பது கிராம். "பாதம் என் கட்டைவிரல் அளவுதான் அண்ணி இருக்கு. உங்க பம்புக்கு இந்த எடையெல்லாம் புரியுமா?" என்று கேட்டார். மறுநாள் அந்தக் கேள்வியையே ஒரு டெஸ்ட்டாக எழுதினேன். எடை 0.64 கிலோ என்று கொடுத்து, கிலோவுக்கு மணிக்கு ஐந்து மில்லி என்று சொன்னால், மணிக்கு 3.2 மில்லி என்று விடை வர வேண்டும். ஐந்து மில்லி என்பது கணக்குக்காக நான் வைத்த எண். அந்த டெஸ்ட்டுக்கு 'அறுநூற்று நாற்பது' என்றே பெயர் வைத்தேன்.

இன்னொரு காரியமும் செய்தேன். எங்கள் டெலிவரி மேலாளர் நேற்று என் மேல் கொடுத்த புகாரில் 'ரகசியமாக நுழைக்கப்பட்ட நிரல்' என்று எழுதியிருப்பது இதைத்தான். சர்வர் ஒவ்வொரு முறையும் டெஸ்ட்டுகளை எண்ணும். கடைசியாகப் பச்சை எரிந்தபோது இருந்த எண்ணிக்கையைவிட ஒன்று குறைந்தாலும் பொட்டலம் கட்டாது. கேள்வி பிடிக்கவில்லை என்றால் விடையைத் திருத்தாமல் கேள்வியையே அழித்துவிடும் புத்தி எங்கள் தொழிலில் உண்டு, அதற்காகத்தான். உண்மையிலேயே தேவையில்லாத டெஸ்ட் என்றால் இரண்டு பேர் பெயர் போட்டுக் காரணம் எழுதி எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் பன்னிரண்டு வரி. செய்த அன்றே எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். டெலிவரி மேலாளர் பதிலுக்குக் கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்றை அனுப்பினார். அந்த மெயிலின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இனி நேற்று நடந்தவை. காலை ஒன்பது நாற்பதுக்கு அலுவலகம் சேர்ந்தேன். விளக்கு பச்சையாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் வந்து புதிய பொட்டலத்தை வாங்கிப்போவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரு சின்ன மாற்றம் பாக்கி இருந்தது. நோயாளியின் எடை 71.35 என்று வந்தால் பம்பின் சின்னத் திரையில் கட்டத்துக்கு வெளியே வழிகிறது, பக்கத்தில் உள்ள முழு எண்ணாக மாற்றிக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதைச் செய்தவர் எங்களில் வேகமாக எழுதும் புரோகிராமர். புயல் என்று கூப்பிடுவோம். முழு எண்ணாக்குவதைத் திரையில் காட்டும் இடத்தில் மட்டும் செய்திருக்க வேண்டும். புயல் அவசரத்தில், எடை உள்ளே நுழையும் இடத்திலேயே செய்துவிட்டார். 71.35 கிலோ ஆளுக்கு எடை 71 ஆனது, ஒன்றும் குடி முழுகவில்லை. ஆனால் 0.64 கிலோ குழந்தைக்கு எடை 1 கிலோ ஆகிவிட்டது.

பதினொன்று இருபதுக்கு விளக்கு சிவப்பானது. 'அறுநூற்று நாற்பது: வர வேண்டியது 3.2, வந்தது 5' என்று திரையில் வந்தது. அதன் பிறகு நான் பெல்லை எடுத்துப்போய்ப் புயலின் மேசையில் வைத்தேன். புயல் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா, நுழையற இடத்துலயே முழு எண்ணாக்கித் தொலைச்சிருக்கேன். ஒரு மணி நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்" என்றார். அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருந்தால் நான் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு டெலிவரி மேலாளர் வந்தார். மேலாளர் கெட்டவர் அல்ல. வாக்குக் கொடுத்துவிட்டால் தலைகீழாக நின்றாவது செய்து முடிப்பவர். அதுதான் சிக்கல். "ரெண்டாயிரத்து முந்நூறுல ஒண்ணே ஒண்ணு. அதுக்காகப் புதுசா எதுலயாவது கை வெச்சு, இன்னொண்ணு கெட்டுப் போச்சுன்னா? ரெண்டு மணிக்கு அவங்க வந்து உக்காந்துடுவாங்க" என்றார். நான், தப்பு எதில் என்று சொன்னேன். "அவங்க வாங்கறது பெரியவங்க வார்டுக்கும்மா. அரைக் கிலோ குழந்தைக்கு யாரு இதைக் கொண்டுபோய் மாட்டப் போறா?" என்றார். "வார்டு பார்த்தா சார் பம்பு போகுது? பத்தலைன்னா பக்கத்து வார்டுல இருந்து தூக்கிட்டு வருவாங்க. எங்க நாத்தனாரே தூக்கியிருக்கா" என்றேன். "உங்க வீட்டுக் கதையெல்லாம் இங்க வேணாம்" என்றார்.

அதன் பிறகு மேலாளர், புயலை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அதே கம்ப்யூட்டரில் தன் பெயரில் உள்ளே நுழைந்து, 'அறுநூற்று நாற்பது' டெஸ்ட்டைத் தன் கையாலேயே அழித்தார். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. பதினொரு நிமிடம் கழித்து விளக்கு மறுபடி சிவப்பாகவே எரிந்தது. 'முன்பு 2316, இப்போது 2315' என்று திரையில் வந்தது. நான் எழுந்து போய், பெல்லைப் புயலின் மேசையிலிருந்து எடுத்து மேலாளரின் மேசையில் வைத்தேன். அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். மேலாளர் பெல்லைக் குப்பைக்கூடையில் போட்டார். நான் அதை எடுத்துத் துடைத்து மறுபடி அவர் மேசையிலேயே வைத்தேன்.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூவரில் மூத்தவர் அவர்களுடைய கருவிப் பிரிவின் பொறியாளர் அம்மா. அவர்களைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். அதே நேரத்தில் மேலாளர், சர்வர் பக்கமே போகாமல், ஒரு டெஸ்ட்டும் ஓட்டாமல், புயலின் கம்ப்யூட்டரிலேயே கையால் ஒரு பொட்டலம் கட்டச் சொல்லி, அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டார். பிறகு அதைத் தன் மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினார். அந்தச் சமயத்தில் பென்டிரைவை எடுத்தது நான்தான். மறுக்கவில்லை. என் சாப்பாட்டு டப்பா கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. பென்டிரைவை அதில் போட்டு, மூடி, மடியில் வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேலாளர் வந்து கேட்டார். தர மாட்டேன் என்றேன். திருட்டு என்றார். "அப்ப போலீஸைக் கூப்பிடுங்க சார்" என்று நானே சொன்னேன். கூப்பிட மாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன். கூப்பிட்டுவிட்டார். பில்டுக்கு ரகசியமாகப் பூட்டுப் போட்டேன், பென்டிரைவைத் திருடினேன் என்று என் கண் முன்னாலேயே புகாரைத் தட்டச்சு செய்து நிலையத்துக்கு அனுப்பினார், எதிரி, அதாவது குற்றம் செய்தவர், என்ற இடத்தில் என் முழுப்பெயரையும் போட்டார். அதன் பிறகு கால் மணி நேரம் நான் அசையவில்லை. டப்பாவின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பில்டில் விஷமம் செய்தவள் என்று ஒரு வரி எங்காவது பதிவானால் எங்கள் தொழிலில் எந்த வாசலும் எனக்குத் திறக்காது.

மூன்று பத்துக்கு இந்த நிலையத்தின் இன்ஸ்பெக்டர் ஒரு காவலருடன் வந்தார். "நீங்கதான் பூட்டுப் போட்டதா?" என்று என்னிடம் கேட்டார். "நான்தான் சார் போட்டேன். ஆனா சாவி எல்லார்கிட்டயும் இருக்கு. தப்பைத் திருத்தினா தானா திறந்துக்கும்" என்றேன். அவர் அந்தத் தப்பைக் காட்டச் சொன்னார். காட்டத் தேவையில்லை, இது அலுவலக விஷயம் என்று மேலாளர் குறுக்கே வந்தார். "அலுவலக விஷயம்னா என்னை ஏன் சார் கூப்பிட்டீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அதன் பிறகு நான் ஒரே மாதிரியான இரண்டு பம்புகளை எடுத்துக் கண்ணாடி அறை மேசையில் வைத்தேன். இடது பம்பில் போன வாரம் பச்சை விளக்கு எரிந்து வெளிவந்த பழைய பொட்டலம் இருந்தது. வலது பம்பில், இன்ஸ்பெக்டர் முன்னிலையில் டப்பாவைத் திறந்து, பென்டிரைவில் இருந்ததை ஏற்றினேன். இரண்டிலும் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர். ஒவ்வொன்றின் குழாய் முனையிலும் ஒரு மெல்லிய அளவுக் கண்ணாடிக் குழல். நான் எதையும் தொட மாட்டேன், நீங்களே எடையைப் போடுங்கள் என்று பொறியாளர் அம்மாவிடம் சொன்னேன். அவர் இரண்டிலும் எடை 0.64, கிலோவுக்கு மணிக்கு ஐந்து மில்லி என்று அழுத்தினார். வலது பம்பின் திரையில் 1 என்று வந்தது. "நான் புள்ளி அறுபத்து நாலுதானே போட்டேன்?" என்று அவர் தன் விரலையே திருப்பிப் பார்த்துக்கொண்டார். சரியாகத்தான் போட்டீர்கள், தொடருங்கள் என்றேன்.

பன்னிரண்டு நிமிடம் ஓடவிட்டோம். இதற்குள் வெளியே போயிருந்த முதலாளியும் வந்து சேர்ந்து கதவோரமாக நின்றார். பன்னிரண்டாவது நிமிடத்தில் பொறியாளர் அம்மா இரண்டு பம்புகளையும் நிறுத்தி, குனிந்து, குழல்களைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவை வாசித்தார். இடது குழலில் 0.64 மில்லி. வலது குழலில் 1 மில்லி. பார்க்கப் போனால் ஏழெட்டுத் துளி வித்தியாசம்தான். ஆனால் அந்த எடைக்கு அது ஒன்றரை மடங்குக்கும் மேல். பொறியாளர் அம்மா மேலாளரைப் பார்த்து, "பெரியவங்க வார்டுக்குன்னு நாங்க எப்போ சொன்னோம்? எங்ககிட்ட பம்பு எல்லா வார்டுக்கும் சுத்தும்" என்றார். மேலாளரின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அதில் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், அப்போது வரவில்லை.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர், வேலையை யார் நிறுத்தியது என்று எங்காவது பதிவாகுமா என்று கேட்டார். ஆகும் என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். பதினொன்று இருபது, சிவப்பு, புயலின் பெயர். ஒரு மணி ஒரு நிமிடம், சிவப்பு, மேலாளரின் பெயர். அன்றைய பட்டியலில் என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. இன்ஸ்பெக்டர் தன் செல்போனில் புகாரையும் எதிரே திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எதிரி யாரு?" என்று தனக்குள் சொல்வது போலத்தான் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது.

முதலாளி புயலைக் கூப்பிட்டு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டார். மூன்று ஐம்பதுக்குப் புயல் உட்கார்ந்தார். அழிக்கப்பட்ட டெஸ்ட்டை முதலில் மீட்டு வைத்தார். பிறகு முழு எண்ணாக்கும் வரியை எடை நுழையும் இடத்திலிருந்து எடுத்துத் திரையில் காட்டும் இடத்துக்கு மாற்றினார். ஒரு கிலோவுக்குக் குறைந்த எடை திரையில் கிராமாகவே தெரியும்படியும் செய்தார். அதன் பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு புது டெஸ்ட் எழுதினார்: நானூற்று எழுபது கிராம். எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இது அரைக் கிலோவுக்கும் கீழ, நான் முழு எண்ணாக்கின கணக்குல போட்டா எடை ஜீரோன்னு வந்திருக்கும். மருந்தே போயிருக்காது" என்றார். தோளில் தட்டி, அனுப்புடா என்றேன். நான்கு இருபத்தைந்துக்கு உள்ளே அனுப்பினார். திருத்த ஆனது முப்பத்தைந்து நிமிடம். அந்தப் புகாரைத் தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்து, அனுப்ப மேலாளருக்கு ஆனது நாற்பது நிமிடம். இதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

அடுத்த பதினொரு நிமிடம் அறையில் ஒருவரும் உட்காரவில்லை. திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. நானூறு, தொள்ளாயிரம், ஆயிரத்து ஐந்நூறு. என்னம்மா நின்றுவிட்டதா என்று காவலர் கேட்டார். இல்லை, அந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கும் என்றேன். இரண்டாயிரம் தாண்டியது. 'அறுநூற்று நாற்பது' பச்சையானது. கடைசியாக 'நானூற்று எழுபது' பச்சையானது. எண்ணிக்கை 2317. நான்கு முப்பத்தாறுக்குத் தூணில் பச்சை விளக்கு எரிந்தது. அப்போது ஒன்பது பேரும் போட்ட கூச்சலை வாக்குமூலத்தில் எழுத முடியாது என்று எழுத்தர் சொல்வதால் விட்டுவிடுகிறேன். புயல் என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அழுதேன், சிரித்துக்கொண்டேதான் அழுதேன். எனக்கு இந்தப் பதினொரு வருடத்தில் அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

ஆனால் பெல் யாரும் அடிக்கவில்லை. எல்லாரும் மேலாளரின் மேசையைப் பார்த்தார்கள். கடைசியாகச் சிவப்பாக்கியவர் அவர்தான், வழக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான். மேலாளர் எழுந்து நின்று, பெல்லை எடுத்து, ஒரு முறை அடித்தார். மெதுவாகத்தான் அடித்தார். "கேக்கல சார்" என்றார் இன்ஸ்பெக்டர். மேலாளர் மறுபடி அடித்தார், இந்த முறை கட்டைவிரல் வலிக்கும் அளவுக்கு. அறை முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு என் அருகில் வந்து, "தப்பு பண்ணிட்டேம்மா. அந்தக் குழலைப் பார்த்ததுல இருந்து என் பேத்தி ஞாபகம்தான்" என்றார். அவருடைய பேத்தியும் எட்டாவது மாதத்திலேயே பிறந்தவள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

பொறியாளர் அம்மா, பச்சை விளக்கு எரிந்த பொட்டலம் மட்டுமே தங்களுக்கு வேண்டும் என்றும், இனி ஒவ்வொரு பொட்டலத்தோடும் டெஸ்ட்டுகளின் பட்டியலும் சேர்ந்து வர வேண்டும் என்றும் சொல்லி, 2317 வரிப் பட்டியலையும் கையோடு வாங்கிக்கொண்டு போனார். முதலாளி, "இனிமே இந்த லைட் எரியாம ஒரு பொட்டலமும் வாசலைத் தாண்டாது" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். தூணில் விளக்குக்குக் கீழே ஒட்டியாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் முன்னிலையில் மேலாளர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "அதான் முடிஞ்சுதே, நிம்மதியா வீட்டுக்குப் போங்கம்மா" என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அங்கிருந்தே நாத்தனாருக்குப் போன் செய்தேன். தூக்கத்திலிருந்து எழுந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணி, அந்த அறுநூத்து நாப்பது கிராம் வாண்டு போன வாரம் வார்டுக்கு வந்துச்சு. மூணு வயசு முடிஞ்சிடுச்சு. எங்க நாற்காலி மேல ஏறிக் குதிச்சுக் குதிச்சு ஒரு கால் உடைஞ்சு போச்சு. நாற்காலி கால்தான்" என்றார். வீட்டுக்குப் போன பிறகு யோசித்தேன். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் அதில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. நீ விஷமம் செய்தாயா இல்லையா? விடை சொல்லாமல் கேள்வியை மட்டும் எடுத்துவிடுவதை என் சர்வரிலேயே நான் அனுமதிப்பதில்லை, என் பெயரில் எப்படி அனுமதிப்பேன்? அதனால்தான் இன்று காலை நானாக வந்தேன். அந்தத் தாள் கோப்பில் இருக்கும் வரை இந்தத் தாளும் அதன் மேலேயே இருக்க வேண்டும்.

வாசித்துக் காட்டியபோது நடந்தது: எழுத்தர் முதல் முறை வாசித்தபோது, குழந்தையின் எடை அறுநூற்று நாற்பது கிலோ என்று இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து என் நாத்தனார், "சார், அது குழந்தை இல்ல, எருமை" என்றார். இன்ஸ்பெக்டர் உள்ளறையிலிருந்து சிரித்தது கேட்டது. எழுத்தர் கிராம் என்று திருத்தினார். முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னேன். "திருத்தின இடத்தை மட்டும் படிச்சாப் போதாதாம்மா?" என்றார். போதாது, திருத்தும்போதுதான் புதுத் தப்பு நுழையும் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். இரண்டாம் முறை, திருத்தம் செய்த தாளை மறுபடி எழுதியதில் 2316 என்பது 2361 ஆகியிருந்தது. நான் எதுவும் சொல்லாமலே எழுத்தர் அதைத் திருத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, என் பெயரிலிருந்து தானாகவே வாசிக்கத் தொடங்கினார்.

இதில் உள்ளவை நான் கண்டவை, செய்தவை, என் வாயால் சொன்னவை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. மூன்று முறை முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது. முதல் முறை ஒரு பிழை. இரண்டாம் முறை ஒரு பிழை. மூன்றாம் முறை பிழை இல்லை. எனவே இப்போது கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)